மூன்றாம் மாடி வேட்டி

போர்ட் கிள்ளான்
3 ஜூலை 2021

அன்புள்ள பெரியம்மா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். இந்த முறை சட்டத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். வீட்டு ஃபோன் அடிக்கவே மாட்டேன் என்கிறது. கைப்பேசி வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பீர்கள். நேரில் வரலாம் என்றால் கொரோனா ஊரடங்கு, வழியெல்லாம் போலீஸ் தடுப்பு. துறைமுக வேலைக் கடிதம் என்னைக் குளிர்ப்பெட்டிக் கொள்கலன் பழுது பார்க்கும் எங்கள் டிப்போ வரைக்கும்தான் விடும். அதனால்தான் இந்தக் கையெழுத்துக் கொடுமை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று டிப்போவில் தேநீர் குடிக்கும்போது தம்புசாமி அண்ணன் ஃபோனை நீட்டினார். “டேய், இது பிரிக்ஃபீல்ட்ஸ்தானே? பாவம் லா, யாரோ ஒரு ஆன்டி.” பார்த்தால் ஃபேஸ்புக்கில் ஒரு படம். அடுக்குமாடி வீடு, மூன்றாம் மாடி, பால்கனிக் கம்பியில் ஒரு வெள்ளைத் துணி. ‘இந்த ஆன்டிக்கு உதவுங்கள்’ என்று மலாயில் எழுதியிருந்தார்கள். பச்சைச் சாயம் அடித்த கம்பி. பக்கத்தில் பால்மாவு டின்னில் கற்றாழை. அந்த டின்னில் ஓட்டை போட்டவன் நான். உங்கள் வீட்டு அறையில் தங்கித்தானே பாலிடெக்னிக் படித்தேன், எனக்குத் தெரியாதா?

நாடு முழுக்க இப்போது இதே பேச்சு. வேலை போய், சேமிப்பும் கரைந்து, அடுப்பெரிக்க வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டுகிறார்கள். பார்த்தவர்கள் அரிசி, முட்டை கொண்டுவந்து வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நம் வீட்டில் எதற்குக் கொடி? அருணன் துபாயிலிருந்து மாதம் தவறாமல் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? சொந்தக்காரர்கள் யாராவது இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

உடனே பதில் போடுங்கள். எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்க வராது.

உங்கள் மகன் மாதிரி,
சஞ்சீவ்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
9 ஜூலை 2021

அன்புள்ள மகன் சஞ்சீவுக்கு,

பிள்ளையார் துணை. நான் நல்ல சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே தொங்கவிடாமல் மூக்கு மூடிப் போடு.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். கொடியாவது ஒன்றாவது! அது உன் பெரியப்பாவின் வேட்டி. அவர் போன நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அலமாரியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துத் தோய்த்துக் காயவிடுவேன். சும்மா வைத்தால் மடிப்பெல்லாம் பழுப்பேறிவிடும். தியாகராசாவின் வேட்டியில் பழுப்பு இருந்ததாக யாரும் சொன்னதில்லை, இனியும் சொல்லக் கூடாது.

அதைத்தான் மூலைக்கடைப் பக்கம் டாக்சி ஓட்டிய கமலநாதன் கொடி என்று நினைத்துப் படம் பிடித்துவிட்டார். ஒரு பை அரிசியும் சாமானும் கதவில் மாட்டிவிட்டு, “அக்கா, கூச்சப்படாதீங்க!” என்று படியிலிருந்தே கத்திவிட்டுப் போய்விட்டார். திருப்பிக் கொடுக்க ஆளைப் பிடிக்க முடியவில்லை.

ஃபோனுக்கு ஒன்றுமில்லை. மின்னல் அடித்து லைன் செத்துப்போயிற்று. கம்பெனிக்காரர்கள் வர வேண்டும். இந்தக் காலத்தில் யார் வருகிறார்கள்?

உன் குளிர்ப்பெட்டிகளோடு கவனமாக இரு.

அன்புடன்,
பெரியம்மா மீனலோசனி

*

போர்ட் கிள்ளான்
14 ஜூலை 2021

அன்புள்ள பெரியம்மா,

கடிதம் வந்தது. சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சுகம்தான். ஆனால் மனசு ஆறவில்லை, அதனால் கேட்டுவிடுகிறேன்.

ஒன்று. வெள்ளிக்கிழமை வேட்டி என்கிறீர்கள். அந்தப் படம் போடப்பட்டது புதன்கிழமை. தம்புசாமி அண்ணன் தேடிப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் போட்ட படத்திலும் அதே கம்பி, அதே துணி. நம் வெயிலில் வேட்டி காய எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், பெரியப்பாவுக்கு இஸ்திரி போட்டவன் நான்தான்.

இரண்டு. அந்த மின்னல். உஷாராணி அக்காவுக்குக் கூப்பிட்டேன். பக்கத்து பிளாக்தானே? அவர் வீட்டு ஃபோன் முதல் மணியிலேயே எடுபடுகிறது. மின்னல் ஆள் பார்த்தா விழும்?

எனக்கு அந்தக் கமலநாதன் மேல் சந்தேகம். உங்கள் பால்கனியைக் காட்டி வேறு எங்காவது வசூல் பண்ணுகிறாரா? இப்போது இதுவும் ஒரு பிழைப்பு. இங்கே ஒவ்வொருவனும் சேமநிதியை உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தம்புசாமி அண்ணனும் எடுத்துவிட்டார். “வயசான காலத்துக்கு வச்ச காசுண்ணே” என்றேன். “வயசாகற வரைக்கும் சாப்பிடணும் லா, முட்டாள்” என்கிறார். ஆளாளுக்குப் பயம். பயத்தில் எவனும் எதுவும் செய்வான். அந்த மனிதர் வந்தால் அடையாள அட்டை கேளுங்கள்.

அருணனைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

சஞ்சீவ்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
24 ஜூலை 2021

அன்புள்ள சஞ்சீவுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். பதில் தாமதமானதற்குக் காரணம் உன் மேல் வந்த கோபம். உஷாராணியிடம் ஏன் கேட்டாய்? அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் கோயில் மடப்பள்ளிக்கே தெரிந்த மாதிரி. இனி அவளைக் கூப்பிடாதே. கமலநாதனும் நல்ல மனிதர். டாக்சி ஓட்டமில்லாமல் தானே கஷ்டப்பட்டுக்கொண்டு ஊருக்கு அரிசி சுமக்கிறார். அவரிடம் போய் அடையாள அட்டை கேட்கச் சொல்கிறாய், உனக்கு வெட்கமாயில்லை?

நீ விடப்போவதில்லை. ஆகவே சொல்கிறேன், உன்னோடு வைத்துக்கொள். நமக்குக் கீழ்வீட்டில் மலர் குடும்பம் இருக்கிறதல்லவா, கேரி தீவுத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்? அவள் புருஷன் பாலன் ஹோட்டல் சலவைப் பகுதியில் இருந்தான். ஹோட்டலை மூடிவிட்டார்கள். வாடகை பாக்கி நிற்கிறது. அவர்கள் கொடி கட்டினால் வீட்டுக்காரன் பார்த்து வெளியே போகச் சொல்லிவிடுவான். அதனால்தான் அவர்களுக்குப் பதிலாக நான் பெரியப்பாவின் வேட்டியைத் தொங்கவிட்டேன். என் வீடு சொந்த வீடு, என்னை யார் துரத்துவது? வருகிற சாமானை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

இப்போது திருப்தியா?

பெரியம்மா

*

போர்ட் கிள்ளான்
29 ஜூலை 2021

அன்புள்ள பெரியம்மா,

உங்கள் கோபம் கிடைத்தது, நலமாக இருக்கிறீர்கள் என்று புரிந்தது.

நீங்கள் செய்வது பெரிய காரியம்தான். ஆனால் எனக்கு அந்தப் பாலனைப் பிடிக்கவில்லை. மானம் அவருக்கு, கொடி உங்களுக்கா? ஊர் முழுக்க உங்கள் பால்கனியைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறது, அவர் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார். நல்ல ஏற்பாடு!

பேச்சு வேண்டாம், வழி சொல்கிறேன். எங்கள் டிப்போவில் கொள்கலன் கழுவுவதற்கு ஆள் இல்லை. சம்பளம் சுமார்தான், ஆனால் ஒழுங்காக வரும், தங்க இடமும் உண்டு. மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன். பாலனை எனக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். நம்பர் கீழே இருக்கிறது. உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர் என்றால் அன்றைக்கே கூப்பிடுவார். கூப்பிடவில்லை என்றால் உங்களை ஏமாற்றுகிறார் என்று அர்த்தம்.

சஞ்சீவ்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
10 ஆகஸ்ட் 2021

அன்புள்ள சஞ்சீவுக்கு,

சுகம். இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. கை வலித்தது, இப்போது இல்லை.

பாலனுக்கு நாரி நோவு, இடுப்பை வளைத்துக் குனிய முடியாது. கொள்கலன் கழுவ முடியாது. உன் நம்பரைக் கொடுத்தேன், கூச்சப்படுகிறான். நீ கேட்கிற கேள்விக்கு யார்தான் கூப்பிடுவார்கள்?

அவர்களைப் பற்றி அப்படி எழுதாதே, பிள்ளை. மலர் மிகவும் கட்டுசெட்டானவள். காலையில் வெறும் கோப்பி. மத்தியானம் ஒரு கறி வைத்தால் அதையே இரவுக்கும் சுண்டவைக்கிறாள். வரவர வயிறும் அதற்குப் பழகிவிட்டதாம், பசி அவ்வளவாகத் தெரிவதில்லையாம். கோப்பித்தூள் முடிந்த அன்றைக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் கண் கலங்கிற்று. இத்தனை வருஷம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கோப்பி ஊற்றிக் கொடுத்த கையாயிற்றே என்று நினைத்துக்கொண்டாளாம்.

ஒரு சங்கடம், பையில் எப்போதும் சார்டின் மீன் டின்தான் வைக்கிறார்கள். அவள் மரக்கறிக்காரி, அதைத் தொடமாட்டாள். டின்கள் அலமாரியில் அடுக்கடுக்காக நிற்கின்றன. கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று அவள் கமலநாதனிடம் வாய் திறப்பதில்லை.

உன் வேலையைப் பார். மழையில் நனையாதே.

பெரியம்மா

*

போர்ட் கிள்ளான்
16 ஆகஸ்ட் 2021

அன்புள்ள பெரியம்மா,

கடிதம் வந்தது. நலம். ஊசி போட்டது நல்லது.

சரி, இனி பாலனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மலர் அக்கா வீட்டுக் கதவு எண் உங்களுடையதுக்கு நேர் கீழேதானே? சும்மா கேட்டேன்.

சஞ்சீவ்

*

போர்ட் கிள்ளான்
30 ஆகஸ்ட் 2021

பெரியம்மா,

இன்றைக்கு நலம் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் பொய்தான் சொல்வீர்கள்.

மலர் அக்கா மரக்கறிக்காரியா? நான் உங்கள் வீட்டில் இருந்த காலத்தில் கீழ்வீட்டில் அவர் கருவாடு பொரித்தால் பெரியப்பா எல்லா ஜன்னலையும் அடைக்கச் சொல்வார். “திரும்பவும் தொடங்கிட்டாளடா!” என்று கத்துவார். அந்தக் கட்டடத்தில் சார்டினைத் தொடாத ஆள் ஒருவர்தான். அவர் மூன்றாம் மாடியில் இருக்கிறார்.

உஷாராணி அக்காவைக் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை, நீங்கள் தடுத்தீர்கள். நான் பெட்டி பழுது பார்க்கிறவன், ஆளைக் கேட்காமல் சோதித்துப் பார்ப்பேன். மலர் அக்கா பெயருக்கு, கீழ்வீட்டு எண்ணுக்கு, ஒரு பார்சல் அனுப்பினேன். கூரியர்காரர் அங்கே நின்றுகொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“பாஸ், இந்த வீடு காலி லா. பூட்டே துருப்பிடிச்சிருக்கு.”

“நல்லா தட்டிப் பாருங்கண்ணே, ஆள் இருப்பாங்க.”

“பேயா இருந்தாத்தான் திறக்கும் பாஸ். பக்கத்து வீட்டு அங்கிள் சொல்றாரு, நாலு மாசம் ஆச்சாம், நோன்புப் பெருநாளுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்களாம், கேரி தீவுக்கு. பார்சல என்ன செய்யட்டும்? மேல் வீட்டுல ஒரு ஆன்டி இருக்காங்க, குடுத்துடவா?”

வேண்டாம் என்றேன். திருப்பி வாங்கிக்கொண்டேன்.

பிறகு துபாய்க்குக் கூப்பிட்டேன். அருணனுக்குப் போன வருஷமே வேலை போய்விட்டது. ஒரு அறையில் ஆறு பேரோடு கிடக்கிறான். “அம்மாவுக்கு ஒண்ணும் அனுப்ப முடியலடா. நீ பாத்துக்கறதா அம்மா சொன்னாங்க, அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு” என்றான். அவனிடம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் அவன் அனுப்புகிறான் என்று சொன்னீர்கள். நடுவில் நீங்கள் வெறும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் வீட்டு அறைகளில் வாடகைக்கு இருந்த மாணவர்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வாடகை நின்றபோதே நான் யோசித்திருக்க வேண்டும். ஃபோனை வெட்டியது மின்னல் இல்லை. கட்டாத பில். காலையில் கோப்பி, மத்தியானம் ஒரு கறி, இரவுக்கு அதையே சுண்டவைக்கிறது மலர் இல்லை. நீங்கள்

*

மேலே உள்ள கடிதத்தை சஞ்சீவ் அனுப்பவில்லை. தாளின் பின்பக்கம் அவன் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியது இவ்வளவுதான்:

என் கடிதங்களைப் படமெடுத்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். வேட்டி எப்போது காயும், மின்னல் எங்கே விழும், கமலநாதன் யார், பாலன் ஏன் கூப்பிடவில்லை, எல்லாம் கேட்டிருக்கிறேன். சாப்பிட்டீர்களா என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

*

போர்ட் கிள்ளான்
4 செப்டம்பர் 2021

அன்புள்ள பெரியம்மா,

நலமாக இருக்கிறீர்களா? சாப்பிட்டீர்களா?

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம்.

கீழ்வீட்டு மலர் அக்காவுக்காக ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அவர் வீட்டு எண்ணுக்கு அனுப்பினால் வீட்டுக்காரன் கண்ணில் படும், அதனால் உங்கள் எண்ணுக்கு அனுப்பினேன். மேலே ஒட்டிய சீட்டில் ‘கீழ்வீட்டுக்கு’ என்று எழுதியிருக்கிறேன், நீங்கள் குழம்ப வேண்டாம். சிவப்பரிசி, பருப்பு, நல்லெண்ணெய், தேங்காய்ப்பால் மாவு, சாம்பாருக்கு வேண்டியது, கோப்பித்தூள். சார்டின் கிடையாது. இனி மாதா மாதம் வரும். எத்தனை மாதம் என்று அவர் யோசிக்க வேண்டாம்.

அவரிடம் ஒன்று சொல்லுங்கள். நான் பார்க்கிற குளிர்ப்பெட்டிகளில் பழுது வந்தால் அலாரம் அடிக்கும். புதிதாக வருகிற பையன்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எரிச்சல், முதலில் அதை நிறுத்தத்தான் பார்ப்பார்கள். அலாரம் அடிக்கிற பெட்டியைக் காப்பாற்றிவிடலாம். அடிக்காமலே உள்ளே கெட்டுப்போகிற பெட்டிதான் எங்களை அழவைக்கும். அதனால் துணி தொங்கவிட்டதற்கு அவர் கூச்சப்பட வேண்டாம். கூச்சப்பட வேண்டியது சத்தம் கேட்டும் வேட்டி காய்வதைப் பற்றிக் கேள்வி கேட்டவன்.

உங்கள் மின்னல் விஷயமாக ஃபோன் கம்பெனியில் பேசினேன். சரிசெய்துவிட்டார்கள். எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள்.

பாலன் அண்ணனின் நாரி நோவுக்கு ஒரு தைலமும் பெட்டியில் இருக்கிறது. மாடிப்படி ஏறி இறங்குகிற யாருக்கும் உதவும்.

அன்புடன்,
சஞ்சீவ்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
15 செப்டம்பர் 2021

அன்புள்ள மகன் சஞ்சீவுக்கு,

சாப்பிட்டேன். வயிறாரச் சாப்பிட்டேன். நீ சாப்பிட்டாயா?

பெட்டி வந்து ஒரு கிழமையாகிறது. ஃபோனும் உயிரோடுதான் இருக்கிறது, நீ கூப்பிட்டபோதெல்லாம் அடித்தது. நான்தான் எடுக்கவில்லை. சில விஷயத்தைக் குரலால் சொல்ல வராது, எழுதத்தான் வரும். உன் பெரியப்பாவுக்கும் எனக்கும் சண்டை வந்தால்கூடச் சீட்டு எழுதித்தான் கதைப்போம்.

கோப்பித்தூளில் சிக்கரி அதிகம். உன்னை எந்தக் கடைக்காரனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான். எல்லாரையும் சந்தேகப்படுகிற உனக்கு அவனை மட்டும் எப்படிச் சந்தேகப்படத் தோன்றவில்லை? ஆனாலும் முதல் கோப்பியை ஊற்றிக் கமலநாதனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். படியிலேயே உட்கார்ந்து குடித்தார். சார்டின் டின்களையெல்லாம் அவரிடமே கொடுத்துவிட்டேன். “அக்கா, இத்தனையும் எங்க இருந்துச்சு?” என்று வாயைப் பிளந்தார். தொடாதவர்களும் இருப்பார்கள் தம்பி, வைக்கும்போது கேட்டு வையுங்கள் என்றேன். கேட்டால் தப்பில்லையா என்றார். கேட்கிற விதத்தில் கேட்டால் தப்பில்லை என்றேன்.

வேட்டியை எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். கம்பி பட்ட இடத்தில் பச்சைக் கறை, போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

சாலைத் தடுப்பை எடுத்துவிட்டார்களாம், இரண்டு ஊசி போட்டவர்கள் வரலாமாம். ஞாயிற்றுக்கிழமை வா. வரும்போது கீழ்வீட்டில் தட்ட வேண்டாம். மலர் குடும்பம் கேரி தீவுக்கே போய்விட்டது. எப்போது போனார்கள் என்று நீ என்னைக் கேட்கமாட்டாய்.

அருணன் கூப்பிட்டான். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். அவனுக்கு நீ எழுது, அந்த அறையில் என்ன சாப்பிடுகிறான் என்று கேள்.

ஒரு விஷயம். அடுத்த பெட்டியில் ‘கீழ்வீட்டுக்கு’ என்று எழுதாதே. மீனலோசனி தியாகராசா, மூன்றாம் மாடி என்று என் பெயரையே எழுது. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியம்மா